ஏரிக்கரையில் ஒரு மஞ்சள்

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராது. அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். படம் வரைவதும் அப்படி வந்த ஆசைதான். லீவு நாளில் ஏரிக்குப் போய், ஆள் இல்லாத பக்கமாக உட்கார்ந்து வாட்டர் கலர் தீட்டுவேன். மனிதர்களை வரைய ஆசை, ஆனால் உட்காருங்கள் என்று கேட்கக் கூச்சம். எதிர்க்கரையில் யாராவது தென்பட்டால் அவர்களுக்குத் தெரியாமல் வரைந்துகொள்வேன்.

போன கோடையில் ஒருநாள் எதிர்க்கரை மரத்தடியில் ஒருவர் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. அந்த மஞ்சளையும் படத்தில் வைத்தேன். வரைய ஆரம்பித்த மூன்று மாதத்தில் மனுஷன் மாதிரி வந்த முதல் உருவம் அதுதான்.

காய்வதற்குள் அவரே கரையைச் சுற்றி வந்துவிட்டார். எங்கள் ஆலை குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அண்ணன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். கையில் செய்தித்தாள் பொட்டலம், உள்ளே பலாச்சுளை.

"தம்பி, இது நானா?"

"ஆமாங்கண்ணே."

"நாளைக்கு எனக்கு சுகர் டெஸ்ட். உங்க அண்ணி பழத்தையே கண்ணுல காட்டறதில்ல. நீ படம் புடிச்சிக்கினு உக்காந்திருக்க. கிழிச்சுடு."

கிழிக்க மனம் வரவில்லை. ஒளிக்கவும் முடியாது. என் படங்களை முதலில் வாங்கிப் பார்ப்பது அந்த அண்ணிதான்; வாசலிலேயே நிற்பார். ஈரத் தூரிகையால் மஞ்சளை ஒற்றி எடுத்துப் பார்த்தேன். காகிதம் நைந்தது, நிறம் போகவில்லை.

"ஹெல்மெட்டா மாத்திடவாண்ணே? ஷிஃப்ட் முடிஞ்சு மடியில வச்சிக்கினு உக்காந்த மாதிரி."

"செய். இந்தா, நீயும் ரெண்டு சுளை தின்னு. அப்பதான் வாயத் தொறக்க மாட்ட."

தின்றேன். அவர் முகம் கழுவ ஏரியில் இறங்கியபோது இன்னும் இரண்டு.

சாயந்திரம் அண்ணி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி நல்லா வந்திருக்கு. இது எங்க வூட்டுக்காரர்தான? முதுகே சொல்லுதே."

பக்கத்தில் நின்ற அண்ணன் தலையாட்டினார்.

"ஆனா இவரு ஹெல்மெட் வெள்ளையாச்சே, தம்பி. மஞ்சள் உங்களோடதுதான?"

தினமும் என் தலையில் ஏறுவது மஞ்சள்தான். மடி மஞ்சளைப் பார்த்ததும் ஹெல்மெட் என்று தோன்றியதே அதனால்தான். படத்தைத் திருப்பித் தரும்போது அண்ணி மூக்கை உறிஞ்சினார்; என் கையில் பலா வாசம்.

"நீங்க எத்தன சுளை தின்னீங்க, தம்பி?"

"நாலுங்க அண்ணி."

"ரெண்டுதானடா குடுத்தேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை அண்ணி என்னையும் கூடவே இழுத்துப் போக, ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் சர்க்கரை இருந்தது.