துரைராஜ் காட்டாத படம்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துரைராஜ் ஸ்டோர்கீப்பர். வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திர பாகங்களைப் பெட்டி பிரித்து எடுத்து அடுக்குவது அவர் வேலை. பாகங்கள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க அந்தந்த ஊர்க்காரர்கள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அதை அப்படியே குப்பையில் எறிவார்கள். துரைராஜ் மட்டும் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்ப்பார். எழுத்து ஒன்றும் புரியாது. கார்ட்டூன் புரியும், அதற்குப் படிப்பு எதற்கு?

பச்சைப் பட்டை போட்ட பெட்டிகள் ஒரு நாட்டிலிருந்தும் சிவப்புப் பட்டை போட்டவை இன்னொரு நாட்டிலிருந்தும் வரும். அந்த இரண்டும் மூன்று வருடமாக அடித்துக்கொண்டு சாகின்றன. ஆனாலும் சரக்கு மட்டும் நிற்காமல் வருகிறது, வியாபாரத்துக்கு ஏது வெட்கம்? கிடைத்த கார்ட்டூன்களை வெட்டி, இரும்புத் தகட்டின் கீழ் வைத்துச் சுருக்கமெடுத்து, ஒரு ஃபைலில் கோத்துவைப்பார் துரைராஜ். பச்சைக்காரன் தன் சிப்பாயைப் பனைமர உயரத்துக்கு வரைவான், சிவப்புக்காரனை எலியாக்குவான். சிவப்புக்காரன் அதையே திருப்பிப் போடுவான். எப்போதாவது மூன்றாவது ஒரு நாட்டுப் பெட்டி வரும். அதில் இருவரும் நாய்களாகக் கடித்துக்கொள்வார்கள். அந்த நாய்களுக்கு எலும்பு விற்கிறவன் யாரென்று மட்டும் வரைந்திருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஃபைலைத் திறந்தால் ஸ்டோர்ஸே கூடிவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சௌகத் அலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

“ரெண்டு பேருமே புளுகறானுங்கண்ணா.”

“அதான் பாய் மேட்டரே” என்பார் துரைராஜ், பெருமை தாங்காமல்.

இவ்வளவு தெரிந்த மனுஷன்தான் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டைவிட்டார்.

மகன் கிரீஷ் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஊரப்பாக்கம் வீட்டில் போனைத் தடவிக்கொண்டு கிடந்தான். பச்சைப் பட்டை நாட்டில் குடோன் வேலை காலியிருக்கிறது என்றான் தாம்பரத்து ஏஜென்ட் ஒருவன். கிரீஷ் துள்ளிக் குதித்தான். அவன் அம்மா லோகநாயகி கூடவே கூடாது என்று நின்றாள்.

“சண்ட நடக்கற ஊருக்கா? இன்னா, புள்ள வேணாமா உங்களுக்கு?”

துரைராஜ் ஃபைலோடு வந்து நடு ஹாலில் உட்கார்ந்தார். கடைசியாக வந்த பச்சைப் பெட்டிகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எலித் தளபதி மூட்டை கட்டுகிறான். எலித் தளபதி ரயிலேறி ஓடுகிறான். பீரங்கியின் வாய்க்குள் புறா முட்டையிட்டிருக்கிறது.

“பாரு, சண்ட முடிஞ்சி போச்சு. அவனுங்க பேப்பர்லயே போட்டுகீறானுங்க.”

அதே வாரம் சிவப்புப் பெட்டியிலும் ஒரு படம் வந்திருந்தது. அதில் பச்சைத் தளபதி நடுத்தெருவில் நின்று, பால்காரன், கிழவன், பள்ளிக்கூடப் பையன் என்று கண்ணில் பட்டவன் தலையிலெல்லாம் ராணுவத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். துரைராஜ் அதை ஃபைலில் கோக்கவில்லை, அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டார். லோகநாயகி பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. பையன் ஏதாவது ஒரு வேலைக்குப் போய்த் தொலையட்டும் என்ற ஆசை அவர் கண்ணை மறைத்துவிட்டது.

கிரீஷ் போன பதினெட்டாம் நாள் போன் வந்தது. புரியாத மொழியில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். போய்ச் சேர்ந்த இடம் குடோன் இல்லை, ராணுவ முகாம். “துப்பாக்கி குடுத்துட்டாங்கப்பா” என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. ஆறு மாதம் ஆகிறது. துரைராஜ் மனு கொடுக்காத அலுவலகம் இல்லை. ஏஜென்ட் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. கைப்பழக்கத்தில் தாளைப் பிரித்தார் துரைராஜ். பச்சைத் தளபதி ஒரு டாங்கிக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். டாங்கிக்கு முன்னால், ஒரே கயிற்றில் கட்டிய ஏழு ஆடுகள். ஏழுக்கும் அந்த நாட்டு ராணுவத் தொப்பி, காது வரைக்கும் இறங்கியிருந்தது. அவை வேறு தேசத்து ஆடுகள் என்று தெரிவதற்காக, வரைந்தவன் அவற்றின் முகத்துக்கு மட்டும் கறுப்பு மை தீட்டியிருந்தான்.

சௌகத் அலி எட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“உட்டுடுங்கண்ணா. குப்பைல போடுங்க.”

துரைராஜ் போடவில்லை. வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலேறினார். வீட்டுக்குள் நுழைந்ததும் லோகநாயகி முன்னால் அதை விரித்தார். வீட்டில் கிடந்த ஃபைலின் அட்டைக்குப் பின்னாலிருந்த பழைய படத்தையும் உருவிப் பக்கத்தில் வைத்தார்.

“இது அவன் போறதுக்கு முன்னாடியே வந்துச்சு. உங்கிட்ட காட்டல.”

கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. பழைய படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். புதிய படத்தில் ஒவ்வோர் ஆட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனாள். கடைசி ஆட்டின் மேல் விரல் நின்றது.

“தொப்பி கண்ண மறைக்குது, பாவம். அந்த ஊர்ல இத பாத்து சிரிப்பாங்களா?”

“சிரிப்பாங்க.”

“நீங்க உங்க கம்பெனில ஒக்காந்து சிரிச்சீங்களே, அந்த மாதிரியா?”

துரைராஜ் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.