யானைக் குழுவில் நான் போட்ட செய்திகள்

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்கு அப்பால், காட்டை ஒட்டி இருக்கிறது. கேழ்வரகு கதிர் முற்றும் மாதங்களில் யானைகள் இறங்கும். வனக்காவலர் ஒருவர் ஊருக்கென்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, செய்தி போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. விரலால் எழுதுவது எனக்குத் தோதாக இருந்தது.

முதல் வருஷம் வாரத்துக்கு ஒன்றிரண்டு செய்திதான். "ஓடைப் பக்கம் மூன்று யானை" என்று போட்டால் ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். பலனும் கூடியது. இன்னும் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்துவிட்டேன். பக்கத்து ஊர்க் குழுக்களில் வந்ததையும் எடுத்துப் போட்டேன். சாணம் கிடந்தாலும் போட்டேன், நாய் குரைத்தாலும் போட்டேன். சொல்லாமல் விட்டான் என்று நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது.

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் வைத்திருந்தவர் ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, இன்னிக்கு எத்தனை உருப்படிங்க?"

"மூணுங்கண்ணா."

"நீங்க அனுப்புனதெல்லாம் நெசமா வந்திருந்தா நம்ம ஊர்ல ஒரு வூடு மிஞ்சாதுங்க. என் பொண்டாட்டிகூட என்னை இத்தனை வாட்டி மிரட்டினதில்ல."

கடையே சிரித்தது. நானும் குனிந்துகொண்டு சிரித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, விடிகிற நேரத்தில், ஒற்றை ஆண்யானை அவர் நிலத்து ஓரம் நிற்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். உடனே செய்தி போட்டேன். போட்டதும் என் வேலை முடிந்தது மாதிரி இருந்தது. அரைமணி கழித்துக் கூச்சல் கேட்டது. கதிரைப் பார்க்கப் போனவரை யானை அடித்துவிட்டிருந்தது. தூக்கிப் போக வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்து ஒருநாள் அவர் மனைவி கேட்டார்.

"அன்னிக்கு நீங்க குழுவுல போடலைங்களா தம்பி?"

"போட்டேங்கக்கா."

கணவருடைய போனைக் கொண்டுவந்து காட்டினார். என் செய்திகள் திறக்காமல் கிடந்தன. "பேத்தி தூங்க மாட்டேங்குதுன்னு சத்தத்த நிறுத்தி வெச்சிருந்தாருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி மாணவி வந்தாள். தகவல் கூடக் கூட எச்சரிக்கையும் கூடும் என்று எல்லோரும் நேர்கோடாக நினைக்கிறார்கள் என்றாள். ஆனால் நிஜத்தில் இப்படித்தான் போகிறது என்று நோட்டில் மேலே ஏறி வளைந்து கீழே இறங்கும் ஒரு கோடு போட்டாள்.

"வளையுதுன்னு காட்டினா பத்தாதுங்க. ஏன் வளையுதுன்னு சொல்லணும்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு செய்தி இரண்டு காரியம் செய்கிறது. யானை எங்கே என்று சொல்கிறது; அது பொய்த்தால் நம்பிக்கையைக் கொஞ்சம் தின்கிறது. ஆரம்பத்தில் முதல் காரியம் பெரிது. செய்தி பெருகப் பெருக இரண்டாவது அதை மிஞ்சிவிடுகிறது.

அவள் வேகமாக எழுதிக்கொண்டாள். "எந்த இடத்துல திரும்புச்சுன்னு நெனைக்கறீங்க?"

அடுத்த நிலத்துக்காரர் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கோடு எங்கே வளைந்திருந்தாலும், அன்று காலையில் ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்.

"தெரியலீங்க" என்றேன்.

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.