யாரும் சிரிக்கக் கூடாது

மகள் பழைய கேசட்டைப் போட்டாள். அந்த இரைச்சல் கேட்டதுமே எனக்கு வேர்த்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, ஆயர் ஈத்தாம் ஊரில் இருந்த எங்கள் வீட்டில், தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் பாட்டுகளை அண்ணன் பதிவு செய்வான். டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, சத்தம் வரும் என்று காற்றாடியையும் நிறுத்திவிடுவான்; எல்லாரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்போம். "யாரும் சிரிக்கக் கூடாதுலா!"

அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் நிகழ்ச்சியில் மீன்காரர் வேடம் போட்டவர் கெம்போங் மீன் விலையைக் கச்சேரி போல இழுத்து இழுத்துப் பாடினார். சிரிப்பையே மறந்திருந்த அம்மா, முந்தானையை வாயில் அடைத்தும் முடியாமல் வெடித்துச் சிரித்தார்.

அண்ணன் கத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவன் ரெக்கார்டரை மெல்லத் தூக்கி அம்மா பக்கம் திருப்பினான்.

"யாரும்மா இப்படிச் சிரிக்கிறது? பாட்டே கேக்கல" என்றாள் மகள்.

அறையிலிருந்து என் அம்மா எட்டிப் பார்த்தார். "நான்தான்டி. இன்னும் சத்தமா வைலா."