டாக்டருக்கு பிரெஞ்சு தெரியாதாம்

போன செவ்வாய்க்கிழமை பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. தவராசா அண்ணை. முகம் சரியில்லை.

"கேள்விப்பட்டனீரோ, தம்பி? அந்தாள் நிப்பாட்டுறாராம்."

எந்த ஆள்? எதை நிப்பாட்டுகிறார்? லா சப்பலில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் ஏதோ ஒரு கடையை மூடப்போகிறார்கள் என்று அர்த்தம். நகைக்கடையா, புடவைக்கடையா என்று மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

இரண்டும் இல்லை. எழுபத்தெட்டு வயதான ஓர் அமெரிக்க நடிகர் இனி நடிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறார். அதற்குத்தான் பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் குடியிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துச் சமையல்காரர், கையில் கறிவேப்பிலைப் பையோடு, செத்த வீட்டுக்கு வந்தவர் போல நிற்கிறார்!

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நடிகரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே போனில் தேடப் போவீர்கள், அங்கிருந்து பூனை வீடியோவுக்குப் போவீர்கள், என் பத்தி பாதியில் நிற்கும். 'டாக்டர்' என்றே வைத்துக்கொள்வோம். தவராசா அண்ணை அவரை அப்படித்தான் சொல்வார்.

டாக்டரின் கதையை நான் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அப்பா டிராக்டர் மெக்கானிக். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி சினிமா நகரத்துக்கு வந்தார். வந்தவருக்குக் கிடைத்த முதல் வேலை ஓட்டலில் கோப்பை கழுவுவது. முதல் வேடம்? பிணம்! பிணவறை மேசையில் மூச்சுக் காட்டாமல் அவ்வளவு அழகாகக் கிடந்தாராம். டைரக்டருக்குப் பிடித்துப்போய், அடுத்த படத்திலும் கூப்பிட்டார்... அதிலும் பிணமாகத்தான்.

அப்புறம் கதவைத் திறந்துவிடும் போலீஸ்காரர். முதல் பத்து நிமிடத்திலேயே சுடப்படும் பேங்க் மேனேஜர். வில்லனின் இடது பக்கம் நிற்கும் ஆள். இப்படியே இருபது வருடம். நம்மில் எத்தனை பேர் தாங்குவோம்? நானாக இருந்தால் மூன்றாவது பிணத்தோடு ஊருக்கு பஸ் பிடித்திருப்பேன்.

நாற்பது தாண்டிய பிறகு ஒரு டி.வி. சீரியலில் ஹீரோவாக நடிக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, யாருமே கிடைக்காமல் இவரைப் போட்டார்கள். கிராமத்து டாக்டர் வேடம். சீரியல் ஒன்பது வருடம் ஓடியது. உலகமெல்லாம் ஓடியது.

அதில் அவர் அப்படி என்ன செய்தார்? பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பார். நோயாளி பேசுவார், அழுவார், பொய் சொல்வார். டாக்டர் கதவோரம் சாய்ந்து நின்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வசனம் பேசி நடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடுத்தவர் பேசும்போது சும்மா நிற்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

புகழின் உச்சியில் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த அம்மாவின் கடைசி நாள்வரை கூடவே இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவருக்கென்று யாரும் நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை. மறுபடியும் கதவைத் திறந்துவிடும் வேடங்கள்! ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நடித்தார். எழுபது வயதுக்கு மேல், வயதான நீதிபதியாக ஒரு படம். அதில் பெரிய விருது வாங்கினார். எனக்கு அந்த விருதைவிட, அந்த முணுமுணுக்காமல் இருந்த வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

சரி... இவருக்கும் தவராசா அண்ணைக்கும் என்ன சம்பந்தம்?

ரெஸ்டாரண்ட் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் ஐந்து மணிவரை குசினியை, அதாவது சமையலறையை, மூடிவிடுவார்கள். 'கூப்யூர்' என்று பெயர். அந்த இரண்டு மணி நேரம் தூரத்து வீட்டுக்குப் போய் வரவும் போதாது, வீதியில் நிற்கவும் குளிர். தவராசா அண்ணை வந்த புதிதில் லா சப்பலில் ஆறு பேரோடு ஓர் அறை. நடந்துபோகும் தூரத்தில் வேலை. கூப்யூர் நேரத்தில் அறைக்கு வருவார், டி.வி.யைப் போடுவார். அந்த நேரத்தில் டி.வி.யில் என்ன வரும்? பிரெஞ்சு பேசும் அமெரிக்க சீரியல்கள். நம் ஆட்களில் ஒரு தலைமுறையே அப்படித்தான் பிரெஞ்சு படித்தது.

ஆகவே தவராசா அண்ணையின் பிரெஞ்சு, ஒரு கிராமத்து டாக்டரின் பிரெஞ்சு. மீன் கொண்டுவருபவர் நேரம் தப்பி வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். இவர், "உட்காருங்கள், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று விசாரிப்பார். ரெஸ்டாரண்ட் முதலாளி கோபத்தில் சட்டியைத் தட்டினால், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பார். குசினியில் அவருக்குப் பட்டப்பெயரே 'தொக்தோர்'தான், பிரெஞ்சில் டாக்டர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய மனைவிக்கு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இரண்டு பிள்ளைகளும் இங்கேயே பிறந்து பிரெஞ்சுக்காரர்கள். இவருக்கு மட்டும் இல்லை. முதல் தடவை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது, அதிகாரியைக் கண்ட பயத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதனால் என்ன, இங்கே வசிக்க கார்டு இருக்கிறதே என்கிறீர்களா? ஒவ்வொரு தடவையும் வெளிநாடு போய் ரோசி விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது, மனைவியும் பிள்ளைகளும் ஒரு வரிசை, இவர் தனியாக இன்னொரு வரிசை. அந்த மூன்று பேரும் ஐந்து நிமிடத்தில் வெளியே. மகள் அப்பாவின் பையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முக்கால் மணி நேரம் நிற்பாள். அந்த வரிசையில் நிற்பதுகூடப் பரவாயில்லையாம். அவள் அங்கே நின்று கையசைத்துக்கொண்டே இருப்பாளே, அதைத்தான் பார்க்க முடியவில்லை என்று ஒருமுறை சொன்னார்.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு என்னிடம் உதவி கேட்டார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். உதவி கேட்டால் போதும், வாத்தியாராகிவிடுவேன். நதிகள், மலைகள், குடியரசின் கொள்கைகள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக் கொடுத்தேன். உங்களுக்குப் பிடித்த பிரெஞ்சு நடிகர் யார் என்று கேட்டால் சொல்ல, அந்தக் காலத்து நடிகர் ஒருவரின் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்த நடிகரின் ஒரு படத்தைக்கூட அண்ணை பார்த்ததில்லை. அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

இன்டர்வியூ அன்று மத்தியானம் நேராக லா சப்பல் டீக்கடைக்கு வந்தார். டீயைத் தொடவே இல்லை.

நதி, மலை எல்லாம் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த அதிகாரி அம்மா, நான் எதிர்பார்த்தபடியே, பிடித்த பிரெஞ்சு நடிகர் யார் என்று கேட்டிருக்கிறார். மனப்பாடம் செய்த பெயர் பறந்துவிட்டது. வாயில் வந்தது டாக்டரின் பெயர்!

அவர் அமெரிக்கர் அல்லவா என்றாராம் அதிகாரி. ஓம், அமெரிக்காவில் பிறந்தவர்தான், ஆனால் பிரெஞ்சு பேசுவார், எனக்கு பிரெஞ்சு படிப்பித்ததே அவர்தான் என்றிருக்கிறார் இவர். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னாராம்: அவருக்கு பிரெஞ்சு தெரியாது. அது டப்பிங். தொடக்கத்திலிருந்து இன்றுவரை அவருக்குக் குரல் கொடுப்பவர் வேறு ஒருவர், ஒரு பிரெஞ்சு நடிகர்.

"அந்த மனுசனுக்கு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாதாம், தம்பி" என்று என்னைப் பார்த்தார்.

இத்தனை வருடம் பழகியும், அவர் அப்படி நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. டப்பிங் என்றால் அவருக்குத் தெரியாதா? தெரியும். தெலுங்குப் படம் தமிழில் வந்தால் வாய் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமும் போகுமே, அதுதான் அவர் அறிந்த டப்பிங். இங்கே வாயும் சொல்லும் அச்சாகப் பொருந்தின. கடைசியில் பெயர்கள் ஓடுமே, அதையாவது பார்த்திருக்கலாம். ஆனால் சீரியல் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓட வேண்டும். மறுஒளிபரப்புகளையும் சேர்த்து, இங்கே வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தப் பெயர்களைப் பார்த்ததில்லை.

அதிகாரி விடவில்லை. அப்படியானால் உங்களுக்குப் பிடித்த பிரெஞ்சு நடிகர் யார் என்று மறுபடியும் கேட்டாராம். அதற்கு இவர் பிரெஞ்சில் சொன்னதை, டீக்கடையில் எனக்குத் தமிழில் சொன்னார்.

"மடாம், நான் இஞ்சை ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரிலை சமைக்கிறன். சாப்பிடுற ஆக்கள் கடையின்ரை பேரைச் சொல்லிப் புகழ்ந்துபோட்டுப் போவினம். குசினிக்குள்ளை ஆர் நிக்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் குரல்காரரும் என்னைப்போலை ஒராள். அவர்தான் எனக்குப் பிடிச்ச நடிகர். அவரின்ரை பேர் என்னெண்டு சொல்லுங்கோ."

அந்த அம்மாவுக்கும் பெயர் தெரியவில்லை. நீண்ட நேரம் டைப் செய்தாராம்.

அன்றைக்கு நான் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யோசித்துக்கொண்டே நடந்தேன். பாரிஸுக்கு வரும் டூரிஸ்டுகள் வெங்காய சூப்பையும், வைனில் வேகவைத்த மாட்டிறைச்சியையும் சாப்பிட்டுவிட்டு, ஆகா, பிரெஞ்சுக்காரன் கை கையல்லவா என்கிறார்கள். கை யாருடையது? பருத்தித்துறை, சாவகச்சேரி, கிளிநொச்சி! இந்த ஊர்ச் சாப்பாட்டில் பாதி, நம் ஆட்கள் செய்த டப்பிங். வாயும் சொல்லும் அச்சாகப் பொருந்துவதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தவராசா அண்ணை டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று, அசல் ஆங்கிலத்தில் ஒரு காட்சியை என் போனில் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டார். நிறுத்தச் சொன்னார். அந்நியர் ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறப்பதைப் பார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

இரண்டு மாதம் கழித்து அவரே வந்து ஒரு செய்தி சொன்னார். சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு ஒரு எபிசோடு பார்த்தாராம்.

"கதைக்கிறதுதான் மற்றாள், தம்பி. கேக்கிறது இவர்தான்."

இதைவிடச் சரியாக எந்த விமர்சகரும் அந்த நடிகரைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை. பேசுவதை ஒருவரிடமும், கேட்பதை இன்னொருவரிடமும் படித்திருக்கிறார் மனிதர். இரண்டு வாத்தியார்கள். நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிய நான் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பல மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கிடைத்துவிட்டது!

இந்த வருடம் லண்டனில் ஒரு கலியாணம். நாலு பேருமாகப் போய்விட்டு ரோசியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். புதுப் பாஸ்போர்ட் சட்டைப் பைக்குள் இருக்கிறது. ஆனால் கால் பழக்கத்தில் தவராசா அண்ணை நேராகப் போய் அந்தப் பழைய வரிசையில் நின்றுகொண்டார். மகள்தான் திரும்பிப் பார்த்து ஓடிவந்து, பிரெஞ்சில் ஏதோ திட்டி, சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். மறைப்பானேன்?

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு ஆறுதல் சொன்னேன். எழுபத்தெட்டு வயது, நிறைய உழைத்துவிட்டார், பத்திரிகையெல்லாம் புகழ்ந்து எழுதியிருக்கிறது, ஓய்வெடுக்கட்டுமே என்றேன்.

"அவர் எடுக்கட்டும். நான் மற்றாளை, அந்தக் குரல்காரரை யோசிக்கிறன். அந்தாள் நிப்பாட்டினா இந்தாளுக்கும் வேலை முடிஞ்சுது. அதை ஆர் பேப்பரிலை போடுவினம்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

இரண்டு பேருக்கும் கடிதம் எழுதப்போகிறாராம். குரல்காரரின் பெயரை மகள் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அமெரிக்காவுக்குப் போகும் கடிதத்தை ஆங்கிலத்தில் என்னை எழுதித் தரச் சொன்னார். சரி என்றேன். அப்படியே பிரெஞ்சுக் கடிதத்தையும் எழுதித் தரட்டுமா, பிழை இல்லாமல் இருக்குமே என்று கேட்டேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"அது வேண்டாம், தம்பி. அவருக்கு நான்தான் எழுதவேணும்."

முதல் வரியில் 'எங்கே வலிக்கிறது?' என்றுதான் கேட்பார். அந்த மனிதரிடம் இப்போது யாராவது அதைக் கேட்கத்தான் வேண்டும்.