அவங்களுக்கு எண்பத்தெட்டு

கண்ணாடிக்கடைக்காரருக்கு வயது ஐம்பத்தேழு. அவர் வாங்கிய காருக்கு எண்பத்தெட்டு. வீட்டில் வெடித்த பூகம்பத்துக்கு இந்த வயது வித்தியாசம்தான் காரணம். மூத்தவர்களை ஒருமையில் பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ரகம் அவர்.

கார் சாதாரணக் கார் அல்ல. அந்த உடலமைப்பில் ஒன்பதே ஒன்பதுதான் செய்தார்கள். படகு நீளத்துக்கு முன்பக்கம், தேன் நிறத் தோல் இருக்கை, ஓட்டுநருக்கும் எஜமானருக்கும் நடுவே ஏற்றி இறக்கும் கண்ணாடித் தடுப்பு. மூக்குக்கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த ஒரு ஆலை முதலாளியின் மகன், "அப்பா விட்டுட்டுப் போன பழைய வண்டி ஒண்ணு இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று அலுத்துக்கொண்டார். போய்ப் பார்த்த கடைக்காரர் மனதைப் பறிகொடுத்துத் திரும்பினார். முதலாளி மகனுக்கு வேண்டியிருந்தது கிடங்கு கட்ட இடம். இவர் பெயரில் ஊர்க் கோடியில் ஒரு மனை இருந்தது. மனை அங்கே போனது, வண்டி இங்கே வந்தது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. வண்டியை ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில் ஒளித்துவைத்தார்.

இன்னொரு விஷயம்: அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஒரு நாள் மச்சினன் கண் பரிசோதனைக்கு வந்தான். கடை அகலம் இரண்டு ஆள் படுக்கிற அளவு. எழுத்து அட்டை நாற்காலிக்குப் பின்னால் தொங்கும், எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்துப் படிக்க வேண்டும். மச்சினனுக்குக் கீழ்வரி தெரியவில்லை. காது மட்டும் பாம்புச்செவி. மாமா மெக்கானிக்கிடம் போனில் பேசியது அத்தனையும் விழுந்தது.

"அவங்க இப்ப எப்படி இருக்காங்க? இருமல் நின்னுச்சா? வெயில்ல வெளிய கூட்டிட்டு வராத, அவங்களுக்கு ஆகாது. மேல துணி போத்திவிடு. மத்தியானம் நான் வந்து பக்கத்துல இருந்துக்கறேன்."

மச்சினன் நேராக அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு ஓடினான்.

"அக்கா, மாமா யாரையோ தனியா வெச்சுப் பாத்துக்கறாரு."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி, "வயசு என்ன இருக்கும்?" என்றாள்.

"மூத்தவங்க மாதிரிதான் தெரியுது. இருமல் வேற."

"ரசனையப் பாரு" என்றாள். ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று மதியம் கடையிலிருந்தே பின்தொடர்ந்து வந்த இருவரும் கொட்டகைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் லென்ஸ் துடைக்கும் துணியால் முகப்பு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அவங்க?" என்றாள் மனைவி.

அவர் காரைக் காட்டினார். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு முட்டியது. "இதுவா?" என்று கதவைத் தொட்டாள்.

"மெதுவா. உங்க அம்மாவ விட மூத்தவங்க."

"இதுக்கு ஏது பணம்?"

மனையைக் கொடுத்ததாக அவர் சொன்னதும் அவள் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த மனையில் கட்டப்போகும் வீட்டுக்கு அவள் சமையலறை ஜன்னல் வரை வரைந்துவைத்திருந்தாள். அது தெரியாதவரல்ல அவர்.

"வித்துடுங்க" என்றாள்.

"சரி" என்றார். துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மச்சினன்தான் வாயைக் கொடுத்தான். "விக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டாவது போனீங்களா மாமா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஓட்டத் தெரியாமலா வாங்கினீங்க!" அவள் தலையிலடித்துக்கொண்டாள். இருபது வருடமாக வீட்டுச் சின்னக் காரை ஓட்டுகிறவள் அவள்தான். மெக்கானிக்கிடம் கை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

கியர் முதலில் உறுமியது, பிறகு பணிந்தது. கணவர் பின் இருக்கையில், தம்பி பக்கத்தில். முதல் சந்திப்பில் லாரிக்காரன் ஒருவன் தானே ஒதுங்கி வழிவிட்டான். சின்னக் காரில் போகும்போது அவளை ஹாரன் அடித்து விரட்டியே பழகியவர்கள் அந்தச் சாலையில் போகிறவர்கள். அடுத்த சிக்னலில் போக்குவரத்துக் காவலர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அவள் தலையசைத்து ஏற்றுக்கொண்டாள். பின்னாலிருந்து, "பள்ளம்! பாத்து! பிரேக்!" என்று சத்தம். கண்ணாடித் தடுப்பை ஏற்றிவிட்டாள்.

திரும்பப் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரமாயிற்று. கொட்டகையில் இறங்கியவள் சாவியை மெக்கானிக்கிடம் தரவில்லை, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"விக்க வேணாம். ஆனா மனை போனதுக்கு எனக்கு ஒரு கணக்கு வேணும். என் பேருக்கு மாத்திக் குடுங்க."

"உன் பேருக்கா? அப்ப நான்?"

"பின்சீட்டுல உக்காருங்க. சத்தம் போடாம."

வருகிற புதன்கிழமை பெயர் மாற்றத்துக்காக இருவரும் வாகனப் பதிவு அலுவலகம் போகிறார்கள். வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள்.