ஆட்டுப்பட்டி மேல் சோலார்

சோலார் மாட்டும் தொழிலில் வெயில் ஒன்றுதான் கேட்காமல் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும்.

என்னைப் போல இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், வீட்டுக்கு சோலார் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நான் காலேஜ் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள். போளூர் சந்தையில் கூவிக் கூவி டார்ச் லைட் விற்று, அப்புறம் பேட்டரி, அப்புறம் பேனல் என்று மேலே வந்தவள். பேரம் பேசுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. கோபம் அதைவிடச் சீக்கிரம் வரும்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு ஊர். அங்கே தெய்வானை என்று ஒருத்தி. மகளிர் குழு மூலமாகச் சாமை உமி நீக்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அந்த ஊருக்கு வந்து சேரும் கரண்டில் விளக்கு எரியும், மெஷின் முக்கும், அவ்வளவுதான். மெஷின் ஓடினால் ஊர்ச் சாமையை அரிசியாக்கி நல்ல விலைக்கு விற்கலாம். ஓடாவிட்டால் போளூரிலிருந்து வேனில் வரும் வியாபாரி, உமியோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவான். வருஷா வருஷம் அதுதான் நடந்தது. “அறுப்புக்குள்ள மாட்டிக் குடுக்கா” என்றாள். அதற்கென்ன, ஒரு வாரத்து வேலை என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாடி இல்லாத குற்றம்

மானியம் வேண்டுமென்றால் கட்டட அனுமதி பார்க்கும் ஆபீசில் ஒரு கையெழுத்து வேண்டும். அங்கே ஒரு இளம் இன்ஜினியர் சார். நல்ல மனுஷன், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். விதியைப் படித்துக் காட்டினார். மாடியின் விளிம்பிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், மாடித் தளத்திலிருந்து இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சரி, தெய்வானை வீடு ஓட்டு வீடு சார் என்றேன். விதியில் ஓடு என்ற சொல்லே இல்லையாம். அப்படியென்றால் தடை இல்லைதானே என்று என் சந்தை புத்தியில் ஒரு போடு போட்டேன். தடையும் இல்லை, அனுமதியும் இல்லை என்றார்.

ஓட்டுக்கு மேலே இரும்பு ஸ்டாண்டு அடித்து, அதன் மேல் தட்டையாக ஒரு சட்டம் போட்டால் அதை மாடி என்று எடுத்துக்கொள்வீர்களா என்று பேரத்தை இறக்கினேன். அரை மணி நேரம் இழுத்ததில் அதற்கு ஒத்துக்கொண்டார். கதவு வரை வந்துவிட்ட என்னைக் கூப்பிட்டு, மிகவும் அக்கறையாகச் சொன்னார்: “அந்த மாடிக்கு ஏறிப்போகப் படிக்கட்டு காட்டிடுங்க மேடம், இல்லன்னா அது மாடி ஆகாது.”

அம்மனுக்கு மேலே

படிக்கட்டுக்குப் பதில் ஓர் ஏணியைக் காட்டிச் சமாளித்து, இரும்புச் சட்டத்தை வேனில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி ஊருக்குள் போனால், ஊருக்குப் பெரியவரான ஊர்க் கவுண்டர் வழியில் நிற்கிறார். அந்த ஊரில் மாரியம்மன் கோயில் கூரையைவிட உயரமாக எந்த வீட்டுக் கூரையும் இருக்கக் கூடாது. இது எந்த ஆபீசிலும் எழுதி வைக்காத விதி. அதனால்தான் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெய்வானை வீடோ மேட்டில் இருக்கிறது. ஓடு வரைக்கும் கோயிலுக்குக் கீழே, ஸ்டாண்டு வைத்தால் கோயிலுக்கு மேலே.

எனக்கு வந்ததே கோபம். எதிர் மேட்டில் நிற்கும் செல்போன் டவரைக் காட்டினேன். அது மட்டும் அம்மனுக்குக் குடை பிடிக்கிறதா என்று கேட்டேன். தெய்வானை என் கையைப் பிடித்து இழுத்தாள். கவுண்டர் கோபப்படவே இல்லை. டவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கணக்கு வூட்டுக்குத்தாம்மா. டவருல யாரு குடித்தனம் பண்றாங்க?”

காயப்போடும் கம்பி

சரி, கூரையே வேண்டாம், தரையில் நடுவோம் என்று வீட்டின் பின்பக்கம் போனேன். முன்பக்கம் முழுக்கப் புளியமர நிழல். மரம் இருப்பது தெய்வானை நிலத்தில். மரம் மட்டும் அவள் கொழுந்தன் பங்கு. ஒரு கிளையைத் தொட்டால் குடும்பம் இரண்டாகும் என்றாள். பின்பக்கம் நல்ல வெயில், ஆனால் காட்டு எல்லைக் கல் அங்கேயே நிற்கிறது. குழி தோண்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் காட்டு வாட்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எல்லையை ஒட்டிக் கட்டுமானம் கூடாதாம்.

இது கட்டுமானம் இல்லை அண்ணா, வெறும் கம்பி என்றேன். பக்கத்திலேயே தெய்வானை துணி காயப்போட நட்டு வைத்த இரும்புக் கம்பம் இருந்தது. அதைக் காட்டி, இது மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அவர் சட்டம் படித்தவர் இல்லை, ஆனால் என்னிடம் வாதாடிய வக்கீல்களைவிடத் தேவலாம். “அதுல புடவை காயுது, பாத்தாலே தெரியுது. இதுல நீ இன்னா காயப்போடப் போற?”

அனுமதி தேவைப்படாத ஜீவன்கள்

குழியை மூடிவிட்டு, வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆட்டுப்பட்டி கண்ணில் பட்டது. வீட்டுக்கு மேல்பக்கம், கருங்கல் தூண் நட்டு, தகரம் போட்டு, யானை ஏறினாலும் அசையாத மாதிரி கட்டியிருந்தான் தெய்வானையின் புருஷன் சாமிக்கண்ணு. வீட்டைவிடப் பட்டியைத்தான் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறான். நிழல் இல்லை. கோயிலைவிட உயரம்தான், ஆனால் அது வீடு இல்லையே. டவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கவுண்டரே தலையாட்டினார்.

மறுபடியும் இன்ஜினியர் சாரிடம் ஓடினேன். கால்நடைக் கொட்டகைக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. விளிம்பு, உயரம், படிக்கட்டு எதுவும் பார்க்க வேண்டாம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவருக்கோ என் மேல் வருத்தம். “ஆடு இருக்குன்னு நீங்க மொதல்லயே சொல்லிருக்கலாமே மேடம்.”

ஆட்டோடு குடித்தனம்

பேனலை மாட்டி முடித்தோம். வயலில் சாமைக் கதிர் தலை சாய்க்க ஆரம்பித்திருந்தது. இனி கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பார்த்து மீட்டர் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. போனில் கூப்பிட்டால், இது வீட்டு சோலார் திட்டம், பேனல் இருக்கும் கூரைக்குக் கீழே ஆள் குடியிருக்க வேண்டும், ஆட்டுக்கெல்லாம் மானியம் கிடையாது என்கிறார். ஆடு ஓட்டுப் போடாது என்பதை அவர் வேறு மாதிரி சொன்னார். நான் போனிலேயே கத்தினேன், அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு, பணிவாகப் பேசி, நாளைக்கு வந்து பாருங்கள் சார், குடித்தனம் நடக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் பைக்கில் வந்து இறங்கியபோது, பட்டிக்குள் கயிற்றுக் கட்டில், தலையணை, தண்ணீர்க் குடம், தூணில் போன வருஷத்துக் காலண்டர். கட்டில் மேல் சாமிக்கண்ணு, அவனைச் சுற்றி ஆடுகள். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்த கரண்ட் ஆபீஸ்காரர், இது பட்டியா வீடா என்று கேட்டார். சாமிக்கண்ணு எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். “வூடுதாங்க. நான்தான் குடியிருக்கேன், ஆடுங்க வாடகைக்கு கீதுங்க.”

தீர்ப்பு

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் செருமல் சத்தம். ஊர்க் கவுண்டர். இது வீடு என்றால் அம்மனுக்கு மேலே போய்விட்டது, பேனலை இறக்கியாக வேண்டும். வீடு இல்லை என்றால் மீட்டர் கிடையாது, மானியம் கிடையாது. தெய்வானை முந்தானையைத் திருகிக்கொண்டு வயல் பக்கம் பார்த்தாள். சாமிக்கண்ணு மட்டும் ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். வாடகைதாரரைச் சமாதானப்படுத்துகிறானாம்.

நீங்களே சொல்லுங்க பெரியவரே, இது வீடா என்று கரண்ட் ஆபீஸ்காரர் கேட்டார். கவுண்டர் பேனலைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். ராத்திரியில் இது வேலை செய்யுமா என்று என்னிடம் கேட்டார். செய்யாதுங்க என்றேன். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. “அப்ப பகல்ல பட்டி, ராத்திரில வூடு. ராத்திரி அது சும்மாதானே கெடக்குது, அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா, நீ எழுதிக்கோ சாமி.”

இறக்கம்தானே

அந்த ஆபீஸ்காரர் எதை எழுதினாரோ, மீட்டர் வந்தது. சாமையும் களத்துக்கு வந்தது. வீட்டில் பட்டிப் பக்கமாக இருக்கும் அறையில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஆடுகள் இரண்டு நாள் மிரண்டன, அப்புறம் பழகிவிட்டன. ஊர்ப் பெண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். சாமிக்கண்ணு இன்னும் பட்டியில்தான் படுக்கிறான். வீட்டுக்குள் வாய்யா என்று தெய்வானை கூப்பிட்டால், ஆடுகள் தன் குறட்டையைக் குறை சொல்வதில்லை என்கிறானாம்.

வியாபாரி வழக்கம்போல வேனை நிறுத்திவிட்டு, காலி சாக்கை உதறிக்கொண்டு இறங்கினான். மெஷின் சத்தம் கேட்டு நின்றான். இன்னாம்மா இது, உமியோடவே குடு, போன வருஷத்து விலைக்கு மேல கொஞ்சம் பாத்துப் போட்டுத் தர்றேன் என்று ஆரம்பித்தான். நான் இடையில் புகுந்து அவனைக் கிழிக்கலாம் என்று சேலையை இழுத்துச் செருகினேன். தேவைப்படவில்லை. தெய்வானை ஒரு கை சாமை அரிசியை அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள். “அரிசியாத்தான் தருவேன், நான் சொல்ற விலைக்கு எடுத்துக்கோ, இல்லாங்காட்டி வண்டியத் திருப்பிக்கோ அண்ணா, இறக்கம்தானே, டீசல் கம்மியாத்தான் ஆவும்.”

ஆகவே சக பாவிகளே, இனி யாராவது சோலார் போட வேண்டும் என்று உங்களிடம் வந்தால், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஆடு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.