கதவைத் திறந்த ஸ்திரீபார்ட்

பெண்வேஷம் கட்டி மேடையேறினால் சனம் சிரிக்க வேண்டும். அதுதான் என் தொழில். ஒரே ஒருமுறை அந்தச் சிரிப்பு பாதியில் செத்துப்போனது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், மலாக்கா நகரத்துக் காஜா பெராங் பகுதியில்.

எங்கள் நாடக வாத்தியார் இங்கிலீஷில் படித்த பழைய கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதினார். புருஷன்மார் போரை நிறுத்தும்வரை பெண்டாட்டிகள் அவர்களை வீட்டுக்குள் விடமாட்டார்கள். வயிறு குலுங்கும் கதை. நான் பெண்டாட்டி, முனியாண்டி புருஷன்.

பெர்மிட் கேட்டுப் போனோம். ஜப்பான் அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் தமிழர் வாத்தியாரைத் தனியே இழுத்தார். “வாத்தியாரே, சண்டையும் வேணாம், சமாதானமும் வேணாம். உசுரோட இருக்கணுமா இல்லியா? கள்ளுன்னு மாத்திக்குங்க.” மாற்றினோம். புருஷன் கள் குடிப்பதை விட்டால்தான் கதவு திறக்கும்.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு, மரவள்ளிக்கிழங்கு வாங்கப் பக்கத்துத் தெங்கேராவுக்குப் போன முனியாண்டியை ஜப்பான்காரர்கள் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள், சயாமில் ரயில் பாதை போட. நாடகமே வேண்டாம் என்றேன். அவன் பெண்டாட்டி பாக்கியம் விடவில்லை. “அவரு ஆசைப்பட்ட நாடகம்ணே. போடுங்க. மூணு மாசத்துல அனுப்பிருவாங்களாம்.” அவனுடைய கோடு போட்ட சட்டையைத் துவைத்துக் கொடுத்தாள். மாற்று ஆள் அதைப் போட்டுக்கொண்டான்.

மாலை நான்கு மணிக்கு நாடகம். பவுடருக்குப் பதில் மரவள்ளி மாவு. கதவு மட்டும் நிஜம். பக்கத்துச் செட்டி வீட்டில் இரவல் வாங்கியது. மலாக்காச் செட்டிகள் தலைமுறைகளாக மலாய் பேசுகிறவர்கள்; தமிழ் தெரியாத அந்த வீட்டுப் பெண்கள்கூட என் நடையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கதவு தட்டும் கட்டம் வந்தது.

“அடியே, தொறடி!”

“முடியாது, போய்யா!” என்று தாழ்ப்பாளைப் பிடித்தபடி இடுப்பை வெட்டினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் வீட்டு ஆண்கள் சயாமில். அட மடையா, ஒத்திகையில் இது எனக்குத் தோன்றவே இல்லையே!

மறுபடி தட்டினான். பாக்கியம் எழுந்துவிட்டாள். “தொறந்து வுடுண்ணே! எவ்ளோ நேரம் வெளிய நிப்பாரு? தொறந்து வுடு!”

ஓரத்திலிருந்து வாத்தியார் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் தாழ்ப்பாளை நீக்கினேன். திறந்துவிட்டேன். கோடு போட்ட சட்டையில் வேறொருவன் நின்றான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாடகம் அதோடு முடிந்தது.

நாடகம் போடும் பிள்ளைகளே, சிரிப்புக் கட்டம் எழுதும்முன் பாயில் யார் உட்காரப்போகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். நாங்கள் பெர்மிட் கொடுப்பவனை மட்டுமே பார்த்தோம்.

மறுநாள் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாக்கியம் வாங்கவில்லை. “ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணே. வந்தா அவரே கேட்டு வாங்கிக்குவாரு.”

இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.